சவிரிமுத்துச் சுழி

2009ஆம் ஆண்டு புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட கையோடு ஊர்காவற்றுறைப் பங்கு மண்டபத்துக் கணினி அறைக்கு வந்த றொஷானி ரீச்சருக்கு, நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே மின்னஞ்சலில் காத்திருந்தன. எழுதியவள் நோர்வேயில் இருக்கும் இங்ரிட். ஆறு வருடமாக ஏழு நாட்டார் சேர்ந்து செய்த கடல் ஆராய்ச்சியின் கட்டுரை முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம், அதற்குள் எல்லோரும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்பது நல்ல செய்தி. திட்டக் காலம் முடிவதால் இந்த மாதக் கடைசியோடு நம்முடைய இணையக் கூடத்தையும் மூடிவிடுவார்கள் என்பது கெட்டது.

கட்டுரையைத் திறந்தாள். பதினோராம் பக்கத்தில் ஒரு கடற்படம். எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் அம்புக்குறிகள் வட்டமாகச் சுற்றி ஓடின. அதன் கீழே ஆங்கில எழுத்தில் இருந்தது: சவிரிமுத்துச் சுழி.

சவிரிமுத்து அவளுடைய அப்பா. செத்து இரண்டரை வருடம். அந்த மனுசன் கணினியைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. அடையாள அட்டையிலும், கடலுக்குப் போகக் கடற்படை தரும் பாஸிலும், கடைசியில் கல்லறைச் சிலுவையிலும் தவிர அவருடைய பெயரை வேறெங்கும் எவரும் எழுதியதில்லை. இப்போது ஏழு நாட்டார் சேர்ந்து கடலிலேயே எழுதிவிட்டார்கள். றொஷானிக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"என்ன ரீச்சர், லைன் அறுந்திட்டுதோ?" என்று கேட்டார் அறையைப் பார்த்துக்கொள்ளும் மரியநாயகம் அண்ணை. அந்த அறையில் ஒருவர் அழுவதற்கு அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

அப்பாவின் பெயர் அங்கே போனது ஒரு படிவத்தால். 2003இல், சமாதான காலத்தில், வெளிநாட்டிலிருந்து கடல் ஆராய்ச்சிக்காரர் சிலர் யாழ்ப்பாணம் வந்து ஒரு பட்டறை வைத்தார்கள். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். அதில் நீர் எப்படி ஓடுகிறது என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். கரையில் இருந்து அளவு எடுத்துத் தர ஆள் வேண்டும் என்றார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிற றொஷானி முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். கூடத்துக்குள் போவதற்கு மின் அடையாளச் சான்றிதழ் ஒன்று வேண்டும். படிவத்தில் முதல் பெயர் என்று ஒரு பெட்டி, அடுத்த பெயர் என்று ஒரு பெட்டி. நம்முடைய ஆட்களுக்கு முதலில் எழுதுகிற பெயர் எது? தகப்பன் பெயர். சவிரிமுத்து என்று முதல் பெட்டியிலும் றொஷானி என்று அடுத்ததிலும் வடிவாக எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு கிழமை கழித்துக் கூடத்துக்குள் முதல்முறை நுழைந்தபோது, பக்கத்தின் இடது ஓரத்தில் இருந்த பெயர் வரிசையில் 'சவிரிமுத்து' என்றிருந்தது. பக்கத்தில் பச்சைப் பொட்டு ஒன்று. ஆள் உள்ளே இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். "வாருங்கள் சவிரிமுத்து" என்று ஏழு பேர் எழுதியிருந்தார்கள். பெயரை மாற்றவேண்டுமென்றால் சான்றிதழை ரத்துச் செய்து, படிவத்திலிருந்து திரும்பத் தொடங்கவேண்டுமாம். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் பாயைச் சுருட்டச் சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு. விட்டுவிட்டாள்.

அந்தக் கூடத்தை நினைத்தால் றொஷானிக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருக்கும். சின்ன வயதும் பள்ளிக்கூடமும் தராத ஏக்கம் அது. ஒரு இணையப் பக்கத்துக்காக மனம் இப்படி அடித்துக்கொள்ளுமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மண்டபத்தில் அப்போது தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணையம். அது கீச்சிட்டு, இருமி, ஒருவாறு தொடுப்பு எடுக்கும். பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல இறங்கும். இடது பக்கம் ஆட்களின் பெயர். நடுவில் எல்லோரும் எழுதலாம், எல்லோரும் திருத்தலாம் என்ற பொதுக் கொப்பி. வலது பக்கம் கணக்குகளின் வரிசை: எந்தக் கணக்கு எந்த ஊர்க் கணினியில் ஓடுகிறது, எது காத்துக்கொண்டிருக்கிறது என்று.

கணக்கு ஓடுவது கிறிட்டில். பல நாட்டுப் பல்கலைக்கழகக் கணினிகளை ஒன்றோடொன்று தொடுத்து, ஒருவருடையது சும்மா கிடக்கும்போது இன்னொருவர் பாவிக்கலாம் என்று செய்த ஏற்பாடுதான் கிறிட். ஒற்றைக் கணினிக்கு மூன்று மாதம் பிடிக்கும் கணக்கு அதில் ஒரு பகலில் முடிந்துவிடும். இதை அப்பாவுக்கு விளங்கப்படுத்த அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரே சொல்லில் முடித்தார்.

"கரைவலை எண்டு சொல்லன். கயித்திலை கை வைச்சவன் எல்லாருக்கும் பங்கு."

அதையே அவள் கொப்பியில் எழுத, இத்தாலியில் இருந்த பாவ்லோ அதைக் கூடத்தின் நெற்றியில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டான். கடைசி நாள் வரையும் அது அங்கேதான் இருந்தது.

றொஷானியின் வேலை இறங்குதுறையில் கட்டியிருந்த அளவுகோலைக் காலையும் மாலையும் பார்த்து நீர் மட்டத்தைப் பதிவது. ஒருநாள் இங்ரிட் கேட்டாள்: "சவிரிமுத்து, உங்கள் பக்கத்தில் நீரோட்டம் எந்தத் திசையில் போகிறது? அங்கே எங்களுக்குக் கருவி இல்லை." அவளுக்கு எங்கே தெரியும்? கடல் தெரிந்தவர் வீட்டில் இருந்தார். குசினி வாசலில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டாள்.

"ஆர் கேக்கினம்?"

"நோர்வேக்காரர், அப்பா."

"சமாதானம் பேச வந்தவையோ?"

"இவை வேறை. கடலைப் பற்றிப் படிக்கிறவை."

"எங்கடை கடலைப் படிக்கிறதுக்கு ஏன் நோர்வேயிலை குந்திக்கொண்டிருக்கினம்?" என்றார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "இண்டைக்கு வாடைவெள்ளம் எண்டு எழுது" என்றார்.

எங்கள் கடற்கரையில் நீரோட்டத்துக்கு வெள்ளம் என்றுதான் பெயர். வாடை என்றால் வடகிழக்கு. 'நீரோட்டம்: வடகிழக்கு' என்று எழுதினாள் றொஷானி. சோளகவெள்ளம் என்று சொன்ன நாட்களில் 'தென்மேற்கு' என்று எழுதினாள். கடலில் இருந்து வந்த கையோடு அவர் சொல்லுவார், அவள் எழுதிக்கொள்ளுவாள். இப்படி அறுபத்துநான்கு நாள். ஒரு கடற்றொழிலாளி வாயால் சொன்னது என்றால் படித்தவர்கள் மதிப்பார்களோ என்று பயந்து, 'நான் கவனித்தது' என்றே எழுதினாள். அந்தப் பயத்தை நினைத்துப் பிறகு எத்தனையோ தரம் வெட்கப்பட்டிருக்கிறாள்.

ஒருமுறை, கடலுக்குப் போகாத நாளில் குத்துமதிப்பாக ஒன்று சொல்லுங்கோ என்று கேட்டுவிட்டாள். சவிரிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மீன் பட்ட இடத்தைக் கேட்டா ஆயிரம் பொய் சொல்லலாம், பிள்ளை. நானும் சொன்னனான். வெள்ளத்தைக் கேட்டா ஒரு பொய்யும் சொல்லப்படாது. அதை நம்பி ஒருத்தன் வள்ளம் விடுவான்."

2005இல்தான் வில்லங்கம் தொடங்கியது. கிறிட் போட்ட கணக்கு ஒன்று சொன்னது, சவிரிமுத்து எழுதியது அதற்கு நேர்மாறாக இருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, அறுபத்துநான்கு நாளில் அநேகமாக எல்லா நாளும். எழுதியது பிழை என்றான் பாவ்லோ. "சவிரிமுத்து அங்கே இருக்கிறார், நாங்கள் இல்லை" என்று மறித்தாள் இங்ரிட். அந்த ஒரு வரிக்காக றொஷானி அவளை உயிருள்ளவரை மறக்கமாட்டாள். பிறகு கொப்பியில் பெரிய வாக்குவாதம். கடைசியில் இங்ரிட் ஒரு யோசனை சொன்னாள்: தீவுகளுக்கு நடுவில் ஒரு சுழி இருந்தால்? பெரிய ஓட்டம் ஒரு பக்கம் போக, சுழியின் ஓரத்தில் நீர் மறுபக்கம் போகும் அல்லவா?

தேடத் தொடங்கினார்கள். நானூறு தரம் கணக்கை ஓட்டினார்கள். தாய்வானிலும் போலந்திலும் இருந்த கணினிகள் எல்லாம் எழுவைதீவுக் கடலைச் சல்லடை போட்டன. நெருக்கி நெருக்கிக் கேட்டால் கடலும் களைத்துப்போய் ஏதாவது ஒன்றைக் காட்டத்தான் செய்யும். நானூறாவது தரத்துக்குச் சற்று முன்பின்னாக ஒரு சின்னச் சுழி தெரிந்தது. அன்றைக்குக் கூடத்தில் பதினாறு பச்சைப் பொட்டு. பாவ்லோ மன்னிப்புக் கேட்டான். சுழிக்கென்று கொப்பியில் தனிப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதைச் சவிரிமுத்துவின் பெயரிலேயே பதிந்து பரிசாகக் கொடுத்தாள் இங்ரிட்.

றொஷானி வீட்டில் சொல்லவில்லை. அச்சில் வந்த பிறகு கடதாசியாகவே கொண்டுபோய் அப்பாவின் கையில் கொடுக்கவேண்டும் என்று ஆசை. நல்லதைச் சொல்ல நாள் பார்க்கக் கூடாது என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

2006இல் சண்டை திரும்ப வந்தது. வைகாசியில் அல்லைப்பிட்டிப் படுகொலை. ஆவணியில் யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை பூட்டு. தொலைபேசி போனது, கடலுக்குப் போகும் பாஸ் போனது, மண்டபக் கணினிக்கு மரியநாயகம் அண்ணை துணியைப் போட்டு மூடினார். கடலுக்குப் போகாமல் குசினி வாசலில் இருந்த சவிரிமுத்து, அடுத்த வருடம் மாசியில் ஒரு காலைப்பொழுதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வாகனம் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து லைன் வந்தபோது கூடத்தில் அவளுக்கு முப்பத்தொரு செய்தி இருந்தது. எல்லாம் ஒரே கேள்விதான்: "சவிரிமுத்து, உயிரோடு இருக்கிறீர்களா?" றொஷானி விசைப்பலகையின்மேல் கையை வைத்தாள். சவிரிமுத்து செத்துப்போனார் என்று சவிரிமுத்துவே எப்படி எழுதுவது? "இருக்கிறேன்" என்று எழுதினாள். பதினொரு பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

இத்தனையும் நினைத்துக்கொண்டுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை, கட்டுரையின் பதினோராம் பக்கத்தையும் அறுபத்துநான்கு நாள் பட்டியலையும் அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அம்மா அல்போன்சம்மா முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். றொஷானி படத்தைக் காட்டினாள், பெயரை வாசித்தாள். அல்போன்சம்மா கையைச் சீலையில் துடைத்துவிட்டு, எழுத்தின்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள்.

"இது அவற்றை பேரோ?"

"ஓம் அம்மா."

"மிச்சத்தையும் வாசி. அவர் சொன்னதை நான் கேக்கவேணும்."

கட்டுரையில் இருந்தது ஆங்கிலம். அப்பா தமிழில் சொன்னதை றொஷானியே அப்போது ஆங்கிலமாக்கியிருந்தாள். இப்போது அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கி அவருடைய பெண்சாதிக்கு வாசிக்கவேண்டியிருந்தது. தொடங்கினாள்.

"2003 மார்கழி ஒன்பது. நீரோட்டம் வடகிழக்கை நோக்கி ஓடியது..."

"பொறு, பொறு. எங்கை ஓடினதாம்?"

"வடகிழக்குப் பக்கம். காரைநகர்ப் பக்கமாய்."

"மார்கழியிலையோ? உன்ரை கொப்பர் அப்பிடிச் சொல்லியிரார்."

"சொன்னவர் அம்மா. வாடைவெள்ளம் எண்டு சொன்னவர். எனக்கு நல்ல ஞாபகம்."

அல்போன்சம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டம் எடுத்த பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள்.

"வாடைக்காத்து எங்கை போறது?"

"அது போறதில்லை, வாறது. வடகிழக்கிலையிருந்து வாறது."

"அப்ப வாடைவெள்ளம் மட்டும் ஏன் அங்கை போறது? அதுவும் அங்கையிருந்துதானே வரும்? அந்த முறை எழுவைதீவடியிலை அவர் விட்ட வலை அறுந்து தெற்காலை கிடக்கிற அனலைதீவிலையெல்லே போய் ஒதுங்கினது. அனலைதீவு இராயப்புதானே தூக்கியந்து தந்தவன். காரைநகரிலையோ எடுத்தவன்?"

றொஷானி பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். காற்றை அது வரும் திசையால் சொல்லுவார்கள். அது உலகம் முழுக்க ஒன்றுதான். நீரோட்டத்தை மட்டும் படித்தவர்கள் அது போகும் திசையால் சொல்லுவார்கள். எங்கள் கடற்கரையில் அந்த வித்தியாசம் கிடையாது. காற்றோ வெள்ளமோ, வந்த வழிதான் அதற்குப் பெயர். அவள் 'வடகிழக்கு' என்று எழுதியதை ஏழு நாட்டாரும் 'வடகிழக்கே போகிறது' என்று வாசித்திருக்கிறார்கள். அப்பா சொன்னது கிறிட் சொன்னதையேதான். சுழி என்று ஒன்று கடலில் இல்லை. இருந்தது அவளுடைய மொழிபெயர்ப்பில்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு ஒரே பாடத்தை இரண்டு தரம் நடத்தினாள். வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன? கட்டுரை போய்விடும், அப்பாவின் பெயர் எங்கேயோ புத்தகசாலைகளில் என்றென்றைக்கும் இருக்கும். அந்த மனுசனுக்கு உலகத்தில் கிடைத்த ஒரே பெருமை. அதைத் தன் கையாலேயே அழிக்கவேண்டுமா?

வியாழக்கிழமை மண்டபத்துக்குப் போய், திசைகளை எல்லாம் மறுபக்கம் திருப்பி, கணக்கை வரிசையில் போட்டாள். தன் கையால் பிறந்த பிழையைத் தானே சோதித்துப் பார்க்கவேண்டும் என்ற பிடிவாதம். இரண்டு மணித்தியாலத்தில் விடை வந்தது. அறுபத்துநான்கில் அறுபத்தொரு நாள் அச்சொட்டாகப் பொருந்தியது.

"மிச்சம் மூண்டு நாளும்?" என்று வீட்டில் கேட்டாள் அல்போன்சம்மா.

"பொருந்தேல்லை."

"அது கள்ளுக் குடிச்ச நாளாயிருக்கும்." சொல்லிவிட்டு முதல்முறையாகச் சிரித்தாள்.

றொஷானிக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா, நான் உண்மையை எழுதினா சுழி போயிடும். சுழி போனா அப்பான்ரை பேரும் போயிடும். எனக்கு ஏலாது அம்மா."

அல்போன்சம்மா கருவாட்டைப் புரட்டிப் போட்டாள். பிறகு சொன்னாள்:

"அவர் சொன்னது சரி. எழுதினது நீ, பிழை உன்ரை. உன்ரை பிழைக்கு அவற்றை பேரையே வைச்சிருக்கிறியள்?"

இடியப்ப உரல் தலையில் விழுந்தது போல நின்றாள் றொஷானி.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளோடு அல்போன்சம்மாவும் வந்தாள். கோயிலுக்குப் போகிற சீலை உடுத்தியிருந்தாள். மரியநாயகம் அண்ணை கதிரை எடுத்துப் போட்டும் இருக்கமாட்டேன் என்று மகளின் பின்னால் நின்றுகொண்டாள்.

றொஷானி எல்லாவற்றையும் எழுதினாள். வாடை என்ற சொல்லின் கதையை எழுதினாள். 'நான் கவனித்தது' என்று எழுதியது பொய், கவனித்தவர் என் அப்பா என்று எழுதினாள். சவிரிமுத்து என்பது அவருடைய பெயர், என் பெயர் றொஷானி, படிவத்தை எங்கள் வழக்கப்படி நிரப்பியதால் வந்த வினை இது, அவர் 2007 மாசியில் இறந்துவிட்டார், உங்களிடம் சொல்லத் தெரியாமல் இருந்துவிட்டேன் என்று எழுதி, அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பச்சைப் பொட்டுகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. முதலில் எழுதியவன் பாவ்லோ: "நாங்கள் நானூறு தரம் பிழை விட்டிருக்கிறோம். அவர் மூன்று தரம்தான்." பிறகு இங்ரிட். அழுதுகொண்டே எழுதுவதாகச் சொன்னாள். கட்டுரையை ஒரு கிழமை பிற்போடுகிறோம், பதினோராம் பக்கத்தை எடுத்துவிடுகிறோம், அறுபத்துநான்கு நாளும் கவனித்தவர் யார் என்பதை உண்மைப்படி எழுதுவோம் என்றாள். கடைசியாக இன்னொன்றும் எழுதியிருந்தாள்: "சுழியின் பக்கம் உங்கள் பெயரில் பதிந்தது. அதை நீங்கள்தான் நீக்கமுடியும். எங்கள் ஒருவராலும் முடியாது."

றொஷானி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அம்புகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நீக்கு என்பதை அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது. ஓம் என்றாள். அம்புகள் மறைந்து வெறும் வெள்ளைப் பக்கத்தில் இரண்டு வரி வந்து நின்றது.

"என்னவாம் எழுதிக்கிடக்கு?" என்று அல்போன்சம்மா குனிந்தாள்.

றொஷானி தமிழாக்கி வாசித்தாள்.

"சவிரிமுத்துச் சுழி: நீக்கப்பட்டது. நீக்கியவர்: சவிரிமுத்து."

அல்போன்சம்மா அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். "ஓம்," என்றாள். "அவரெண்டா அப்பிடித்தான் செய்திருப்பார்."

ஐந்து மணியாகிவிட்டது. மரியநாயகம் அண்ணை கணினியை மூடும் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். இடது ஓரத்தில், பெயர் வரிசையில், சவிரிமுத்துவுக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. இது என்ன என்று அல்போன்சம்மா விரலால் காட்டிக் கேட்டாள். ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம் என்று றொஷானி சொன்னாள்.

"கொஞ்சம் பொறு தம்பி, மூடாதை" என்று சொல்லிவிட்டு, அல்போன்சம்மா கதிரையை இழுத்துப் போட்டு அதன் முன்னால் இருந்தாள்.